காகிதம் இல்லாதவர் சேர்த்த காகிதங்கள்: தெஹ்சிங் சியேயின் கலை வாழ்க்கை

1974-ல் கப்பல் ஊழியராக அமெரிக்காவுக்கு வந்து, ஃபிலடெல்ஃபியா அருகே கரையிறங்கியவர் தைவானைச் சேர்ந்த நிகழ்த்துகலைஞர் தெஹ்சிங் சியே. அவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. நேராக நியூயார்க் போய்விட்டார். அதன்பிறகு 14 ஆண்டுகள், 1988-ல் பொது மன்னிப்பு கிடைக்கும்வரை, அந்த நாட்டில் இருப்பதற்கான உரிமைச்சீட்டு எதுவும் அவரிடம் கிடையாது. அவரை இன்று உலகம் நினைவில் வைத்திருக்கும் ஐந்து ஓராண்டுப் படைப்புகளும், அதாவது தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு ஒரு வருடம் அதன்படியே வாழ்ந்த நிகழ்த்துகலைகளும், அந்த 14 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டவைதான்.

அந்தப் படைப்புகளை அருங்காட்சியகத்தில் பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்கிறார்? கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், வழக்கறிஞரின் சான்று, முத்திரை, தேதிபோட்ட அட்டை, வரைபடம், சாட்சிக் கையெழுத்து. ஒரு தாசில்தார் அலுவலகத்தின் கோப்பு அறையைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். சியேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பொறுமையையும் உடல்வலிமையையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட இந்தக் காகிதங்கள்தான் விசித்திரமாகப் படுகின்றன. அரசாங்கக் கணக்கில் இல்லாத ஒரு மனிதர், தான் இருந்ததற்கு எந்த அரசாங்கமும் கேட்காத அளவுக்கு ஆதாரம் சேர்த்திருக்கிறார்.

சியே 1950 டிசம்பர் 31-ல் தைவானின் தெற்கே, பிங்டுங் மாவட்டத்தின் நான்ஷோவில் பிறந்தார். வீட்டில் 15 பிள்ளைகள். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஓவியம் வரையத் தொடங்கினார். அப்போது தைவானில் ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. 1949-ல் வந்த அந்தச் சட்டம் 1987-ல்தான் விலக்கப்பட்டது. மேற்கத்தியக் கலையுலகில் என்ன நடக்கிறது என்பது அரைகுறையாகத்தான் வந்து சேரும். மூன்று வருடக் கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு, 1973-ல் தன் ஓவியங்களை வைத்துத் தனிக் கண்காட்சி ஒன்று நடத்தினார். அத்தோடு ஓவியத்தை விட்டுவிட்டார்.

ஒரு கண்காட்சி நடத்தியதும் ஒருவர் தூரிகையைக் கீழே வைப்பது வழக்கத்தில் இல்லாத காரியம். தோல்வியால் விட்டார் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வரைந்து முடித்த படத்தைவிட, வரைகிற செயலும் அதற்குப் போகும் நேரமும் அவரை அதிகம் இழுத்தன என்று ஊகிக்க இடமிருக்கிறது. அதே 1973-ல் அவர் செய்த அடுத்த வேலை ஒரு மாடி ஜன்னலிலிருந்து குதித்தது. கீழே வலை கிடையாது, மெத்தை கிடையாது. இரண்டு கணுக்கால்களும் உடைந்தன. இதை அவர் கேமராவிலும் பதிவு செய்து வைத்தார். 1960-ல் பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைன் மதிலிலிருந்து வெற்றுவெளிக்குள் பாய்வதுபோல ஒரு புகைப்படம் வெளியிட்டிருந்தார். அது இரண்டு படங்களை ஒட்டிச் செய்தது, கீழே விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். சியே குதித்தது நிஜம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அதில் கலையைவிட வாலிப முறுக்குதான் அதிகம். ஒரு நொடியில் முடிந்துபோன செயல் அது. பிற்பாடு அவர் ஒரு நொடியை எடுத்துக்கொள்ளவே இல்லை, வருடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

நியூயார்க்கில் முதல் நான்கு ஆண்டுகள் உணவகங்களில் பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். ஆங்கிலம் சரியாக வராது. யாரையும் தெரியாது. போலீஸ் கண்ணில் படக் கூடாது என்ற பயம் வேறு. வேலை முடிந்து வந்தால் ஸ்டுடியோவுக்குள் முன்னும் பின்னும் நடப்பார், அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பார். இப்படியே நாட்கள் வீணாகின்றனவே என்று புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கட்டத்தில் தோன்றியது: இந்த நடையும் யோசனையும், இந்தக் காலம் கழிவதும்தானே வேலை? புதிதாக ஒன்றைத் தேடுவானேன்? ஏற்கனவே அனுபவித்துக்கொண்டிருந்த நிலைக்கு ஒரு விதியும் ஒரு கால அளவும் கொடுத்தால் போதும் என்று முடிவுக்கு வந்தார். அந்தச் சமயத்தில், 1978-ல், குடியேற்றத் துறையால் தேடப்படும் ஆள் என்று தன்னைப் பற்றித் தானே ஒரு சுவரொட்டியும் தயாரித்தார். தலைமறைவாக வாழ்கிற ஒருவர் செய்யக் கூடிய காரியமா இது? அவருடைய மற்றப் படைப்புகளுக்கான சாவி இந்தச் சின்ன வேடிக்கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1978 செப்டம்பர் இறுதியில், ஹட்சன் தெருவில் இருந்த தன் ஸ்டுடியோவுக்குள் மரக்கம்பிகளால் ஒரு கூண்டு கட்டினார். 11 அடி 6 அங்குல நீளம், 9 அடி அகலம், 8 அடி உயரம். உள்ளே ஒரு கட்டில், கைகழுவும் தொட்டி, விளக்கு, ஒரு வாளி. பேசமாட்டேன், படிக்கமாட்டேன், எழுதமாட்டேன், வானொலி கேட்கமாட்டேன், தொலைக்காட்சி பார்க்கமாட்டேன், ஒரு வருடம் வெளியே வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து ‘சாம் சியே’ என்ற பெயரில். கூண்டின் இணைப்புகளில் எல்லாம் காகிதப் பட்டைகள் ஒட்டி, வழக்கறிஞர் ராபர்ட் புரொஜான்ஸ்கி அவற்றில் கையெழுத்திட்டார். இவர் சாதாரண வழக்கறிஞர் அல்ல. ஓவியம் விற்கப்பட்ட பிறகும் கலைஞருக்கு அதில் சில உரிமைகள் தொடர வேண்டும் என்று 1971-ல் கலைக் கண்காட்சி அமைப்பாளர் சேத் சீகலாபோடு சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தவர். வருட முடிவில் அவரே வந்து, பட்டைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுத்தார்.

ஒரு நண்பர் தினமும் சாப்பாடு கொண்டுவருவார், கழிவை எடுத்துப் போவார், ஒரு புகைப்படம் எடுப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் பார்வையாளர்கள் வரலாம். சுவரில் தினம் ஒரு கீறலாக 365 கீறல்கள் போட்டார்.

உள்ளே எப்படிக் காலம் தள்ளினார் என்பதற்கு அவரே சொன்ன ஒரு விவரம் உண்டு. கட்டில் இருந்த மூலையை வீடு என்று வைத்துக்கொண்டாராம். மற்ற மூன்று மூலைகளும் வெளியூர். அங்கே ‘வெளியே’ போய்விட்டு ‘வீடு’ திரும்புவார். கட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் தீர்ந்துபோகும் தூரத்துக்குள் ஒரு உலகத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். இதைத்தான் எந்தச் சான்றிதழாலும் பதிவு செய்ய முடியாது. பட்டைகள் கிழியவில்லை என்று வழக்கறிஞர் சொல்லலாம். அந்த ஆள் என்ன யோசித்தார் என்று சொல்ல முடியாது. சியேயின் காகிதங்கள் எல்லாமே இப்படித்தான்: வெளிச்சுவரை அத்தனை துல்லியமாகக் காட்டும், உள்ளே விடாது.

சரி, அடுத்தது. 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை நடந்த இரண்டாவது ஓராண்டுப் படைப்புதான் என் கணிப்பில் அவருடைய உச்சம். தொழிற்சாலைகளில் வருகையைப் பதியும் கடிகார இயந்திரம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை, இரவு பகல் பாராமல், அதில் அட்டையைச் செருகிப் பதிய வேண்டும். பதிந்ததும் அந்த அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். தொழிலாளர் சீருடை போட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் தலையை மொட்டையடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறை பதியும்போதும் 16 எம்எம் கேமரா ஒரே ஒரு ஃப்ரேம் படம் எடுக்கும்.

இந்த ஏற்பாட்டின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நாளுக்கு 24 பதிவு, 24 ஃப்ரேம். சினிமா ஓடுவது விநாடிக்கு 24 ஃப்ரேம். ஆக, ஒரு நாள் ஒரு விநாடி. ஒரு வருடம் ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் ஓடி முடிகிறது. படத்தில் அவர் ஒரே இடத்தில், ஒரே நிலையில், கடிகாரத்தின் பக்கத்தில் நிற்கிறார். கடிகார முள் பைத்தியம் பிடித்ததுபோலச் சுழல்கிறது. உடம்பு விலுக் விலுக்கென்று துடிக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடம் ஒரு நூலளவு மாறியிருக்கும். மொட்டைத் தலையில் முடி முளைத்து, காதை மூடி, தோளுக்கு இறங்குகிறது. ஆறு நிமிடத்தில் அசையாமல் வளர்வது அந்த முடி ஒன்றுதான்.

ஒரு மணிக்கு ஒரு தடவை என்றால் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடையாது. எங்கே போனாலும் அரை மணியில் திரும்பக்கூடிய தூரம்தான். கூண்டு இல்லை, ஆனால் காலமே கூண்டு. எழுப்பும் மணியின் சத்தத்தை ஒலிபெருக்கியில் கூட்டி வைத்துக்கொண்டும் சில நேரம் எழ முடியவில்லை. மொத்தம் 8,760 முறை பதிய வேண்டும். அதில் 133 முறை தவறிப்போனது. அவர் அதை மறைக்கவில்லை. தனித்தாளில் வகைபிரித்து எழுதி வைத்தார்: தூங்கிப்போனது 94, தாமதமானது 29, முன்கூட்டியே பதிந்தது 10. எந்த மாதத்தில் எத்தனை என்பது வரைக்கும் கணக்கு உண்டு. தினசரி அட்டைகளில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டார்.

அந்த 133-ஐ நான் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. 8,760-ம் பூர்த்தியாகியிருந்தால் இது ஒரு சாதனைப் புத்தகச் செய்தியாகப் போயிருக்கும். தவறியது 1.5 சதவீதம். அந்த 1.5 சதவீதத்தில்தான் ஒரு மனித உடம்பு இருக்கிறது. அதிலும் ‘முன்கூட்டியே 10’ என்பது என்னை நிறுத்தி வைக்கிறது. தூக்கக் கலக்கத்தில் நேரத்தைத் தப்பாகப் பார்த்தாரா, பொறுக்க முடியாமல் பதிந்தாரா, தெரியவில்லை. அட்டையில் எண் மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் படைப்பைத் தொழிற்சாலை வேலைமுறை மீதான விமர்சனம் என்று படிப்பவர்கள் உண்டு. பொருத்தமாகத்தான் இருக்கிறது. சம்பளமும் இல்லை, உற்பத்தியும் இல்லை, வேலைக்கு வந்ததற்கான பதிவு மட்டும் இருக்கிறது. ஆனால் சியே இந்த மாதிரி அரசியல் விளக்கங்களுக்கு எப்போதும் பிடிகொடுக்காதவர். தன் வேலை காலத்தைக் கழிப்பது, நேரத்தை வீணாக்குவதுதான் தன் அடிப்படை மனோபாவம் என்று சொல்வார். கலைஞர் சொல்வதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை. இருந்தாலும், சட்டவிரோதக் குடியேறி என்ற ஒரே சட்டகத்துக்குள் இவரை அடைத்துவிட்டால் அதுவும் ஒரு கூண்டாகிவிடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். காகிதங்களைப் பற்றிய என் வாசிப்புக்கும் இது பொருந்தும்.

1981 செப்டம்பர் 26-ல் தொடங்கிய மூன்றாவது வருடம் முதல் வருடத்தைக் கவிழ்த்துப் போட்டது. இந்த முறை உள்ளே போகக் கூடாது. கட்டடம், சுரங்க ரயில், ரயில், கார், விமானம், கப்பல், குகை, கூடாரம் எதற்குள்ளும் நுழையமாட்டேன் என்று பட்டியல் போட்டு எழுதினார். குகையையும் சேர்த்ததில் ஒரு வக்கீல்தனம் தெரிகிறது. கையில் ஒரு தூக்கப்பை. நியூயார்க்கின் குளிர்காலத்தையும் தெருவிலேயே கழித்தார். ஒவ்வொரு நாளும் நகர வரைபடம் ஒன்றில், எந்த வழியாக நடந்தார், எங்கே சாப்பிட்டார், எங்கே தூங்கினார், எவ்வளவு செலவானது என்று குறித்துவைத்தார்.

அந்த வருடத்தில் விதி ஒரே ஒரு முறை உடைந்தது. தெருவில் ஒருவரோடு சண்டை வந்தது. சியே தன்னைக் காத்துக்கொள்ள நுன்சாக்குவை (சங்கிலியால் இணைத்த இரண்டு தடிகள்) பயன்படுத்தினார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவரை நிலையத்துக்குள் இழுத்துப் போகும்போது எடுத்த படச்சுருள் இருக்கிறது. உள்ளே போகமாட்டேன் என்று கத்தித் திமிறுகிறார். பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். எத்தனையோ பேர் அந்தக் குளிரில் உள்ளே போக இடம் தேடிக்கொண்டிருந்த ஊரில், உள்ளே போகாமலிருக்க ஒருவர் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார். 15 மணி நேரம் கூரைக்குக் கீழே இருக்க வேண்டிவந்தது. பின்னால் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, வழக்கறிஞர் உள்ளே வாதாட, இவர் வெளியிலேயே நிற்க நீதிபதி அனுமதித்தார். கைரேகை எடுத்து, ஊர்பேர் விசாரித்து, நாடு கடத்தியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை.

இந்தப் படைப்பின் மீது ஒரு நியாயமான கேள்வி உண்டு. வீடற்றவர்களுக்கு இது ‘படைப்பு’ அல்ல, முடிவுத் தேதி போட்ட பத்திரமும் அவர்களிடம் கிடையாது. கூண்டைப் பற்றியும் இதையே கேட்கலாம். சிறையில் இருப்பவர் தேதி பார்த்து உள்ளே போனவரல்ல. இதற்குச் சியேயிடம் முழுப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் யாருடைய கஷ்டத்துக்கும் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டதில்லை என்பது மட்டும் அவர் பக்கம் நிற்கிறது.

1983 ஜூலை 4 முதல் 1984 ஜூலை 4 வரை, லிண்டா மொன்டானோ என்ற அமெரிக்க நிகழ்த்துகலைஞரோடு இடுப்பில் 8 அடிக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு வாழ்ந்தார். உள்ளே இருக்கும்போது இருவரும் ஒரே அறையில்தான் இருக்க வேண்டும்; ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, வேலைக்குப் போவது எல்லாம் கயிற்றோடுதான். இருவரும் காதலர்களும் அல்ல, பழைய நண்பர்களும் அல்ல. மொன்டானோ இளமையில் கத்தோலிக்க மடத்தில் துறவுப் பயிற்சி எடுத்தவர். அவருக்கு இது ஒரு தவம் போல. சியேவுக்கு அப்படி அல்ல. ஒருவர் நகர மற்றவர் சம்மதம் வேண்டும் என்பதால், ‘முடியாது’ என்ற சொல் ஆயுதமானது. முதலில் பேசிப் பார்த்தார்கள், அப்புறம் கயிற்றை இழுத்தார்கள், அப்புறம் சைகை, கடைசியில் முனகல். தினமும் ஒரு புகைப்படம் எடுப்பது வழக்கம். சண்டை முற்றிய நாட்களில் படத்துக்குப் பதில் ‘சண்டை’ என்ற குறிப்புதான்.

இந்த ஒரு வருடத்தில் அவர்கள் பேசியதை எல்லாம் ஒலிநாடாக்களில் பதிவு செய்தார்கள். செய்துவிட்டு, யாரும் கேட்க முடியாதபடி முத்திரை வைத்து மூடிவிட்டார்கள். ஆதாரம் இருக்கிறது, ஆனால் திறக்க முடியாது. சியேயின் ஆவணக் கிறுக்கு இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது.

இதன்பிறகு காகிதங்கள் வேகமாகக் குறைகின்றன. 1985 ஜூலை 1 முதல் ஒரு வருடம் கலை செய்யமாட்டேன், பேசமாட்டேன், பார்க்கமாட்டேன், படிக்கமாட்டேன், கலைக்கூடத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகமாட்டேன், சும்மா வாழ்வேன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைத் தவிர அந்த வருடத்தைப் பற்றிக் காட்டுவதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. அடுத்து வந்தது கடைசித் திட்டம்: 36-வது பிறந்தநாளான 1986 டிசம்பர் 31 முதல் 49-வது பிறந்தநாளான 1999 டிசம்பர் 31 வரை 13 ஆண்டுகள். இந்தக் காலத்தில் கலை செய்வேன், ஆனால் யாருக்கும் காட்டமாட்டேன். நடுவில், 1991-ல், எல்லாவற்றையும் விட்டு அலாஸ்காவை நோக்கிக் கிளம்பிக் காணாமல் போகப் பார்த்தார். சியாட்டிலோடு அது நின்றுபோனது, திரும்பி வந்துவிட்டார். 2000 ஜனவரி 1-ல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் கூடியவர்களிடம் ஒரே ஒரு தாளைக் காட்டினார். வெட்டி ஒட்டிய எழுத்துகளில், தன்னை உயிரோடு வைத்துக்கொண்டதாகவும் 1999 டிசம்பர் 31-ஐக் கடந்துவிட்டதாகவும் அதில் இருந்தது. 13 வருடத்துக்கு இவ்வளவுதான் கணக்கு. இனி கலை செய்வதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

1988-ல் அரசாங்கம் கொடுத்த காகிதம் கைக்கு வந்தது. அவர் தயாரிக்கும் காகிதங்கள் ஏறக்குறைய அதே காலத்தில் நின்றுபோயின. காரண காரியமாக இதை நிறுவ முடியாது. 1985-லேயே குறையத் தொடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் மறுக்கவும் முடியாது. ஆனாலும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் கண்ணை உறுத்துகிறது.

கலையுலகம் அவரைப் பெரிதாகக் கவனித்தது மிகவும் தாமதமாகத்தான். 2009-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கூண்டுப் படைப்பைக் காட்சிக்கு வைத்தது. அதே சமயம் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கடிகாரப் படைப்பு இருந்தது. கலை எழுத்தாளர் ஏட்ரியன் ஹீத்ஃபீல்டோடு சேர்ந்து உருவாக்கிய பெரிய புத்தகமும் அந்த ஆண்டு வந்தது. புகழ்பெற்ற நிகழ்த்துகலைஞர் மரினா அப்ராமோவிச் சியேயைத் தன் ஆசான் என்ற அளவுக்கு உயர்த்திப் பேசுகிறவர். 2017-ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தைவானின் காட்சிக்கூடம் முழுவதும் சியேயின் படைப்புகள்தான். அந்தக் கூடம் இருந்த கட்டடம் ஒரு காலத்தில் வெனிஸ் குடியரசின் சிறை. 2025 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கன் அருங்காட்சியகத்தில் அவருடைய முழுப் பின்னோக்குக் கண்காட்சி திறக்கப்பட்டது.

அங்கே இடத்தை ஒதுக்கிய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சியே பல ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த திட்டம். ஒவ்வொரு படைப்புக்கும் அது எடுத்துக்கொண்ட காலத்தின் விகிதத்தில் இடம். ஒரு படைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கடந்த மாதங்களுக்கும் அதே விகிதத்தில் காலி இடம். ஆக, ஆதாரங்கள் குவிந்திருக்கும் முதல் நான்கு படைப்புகளையும் சீக்கிரம் கடந்துவிடலாம். ஒரே ஒரு தாள் மட்டும் மிஞ்சிய 13 ஆண்டுகளுக்குத்தான் நிறைய நடக்க வேண்டியிருக்கும்.